எதிலும் ஓடும்

அதைக் கேபிள்காரனிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா? வேண்டாம் அக்கா. நடுவில் நுழைகிறேன் என்று நினைக்காதீர்கள், நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. "படம் நின்னு நின்னு வருது, டப்பாவே தண்டம்" என்றீர்கள். தண்டம் டப்பா இல்லை, கேபிள்காரன். அவனுக்கு ரிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியும், குறைக்கத் தெரியும். மூன்றாவதாக ஒன்று கேட்டால் "மேல சர்வர் பிராப்ளம்" என்பான். மேலே என்றால் எங்கே? வானத்திலா?

உங்கள் மடியில் இருப்பது ஒரு முழுக் கணினி அக்கா. இன்டர்நெட் டிவி பாக்ஸ். ஒரு நல்ல செருப்பு வாங்கும் காசுக்கு ஒரு கணினி கிடைக்கிற காலத்தில் இருக்கிறோம். நம் ஆட்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? மாமியார் மருமகள் பாலில் விஷம் கலப்பதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, நின்று நின்று வருகிறது என்று குறை வேறு. உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

என் பெயர் சுகிர்தா. எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் வருஷம். கோவில்பட்டியில் இறங்கிவிடுவேன். அதற்குள் உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். இத்தனை நாள் யாரிடம் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், எழுந்து போக முடியாது. அதனால் கேட்கிறேன்.

முதலில் லூவா பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு கணினி மொழி. பிரேசிலில் பிறந்தது, பெயருக்கு அவர்கள் பாஷையில் நிலா என்று அர்த்தம். மொழி மொத்தமும் சேர்ந்து நீங்கள் போனில் எடுக்கிற ஒரு செல்ஃபியை விடச் சின்னது. ஆனால் எதிலும் ஓடும். டிவி டப்பாவில் எழுதியதை அப்படியே தூக்கிப் போனில் வைக்கலாம், மடிக்கணினியில் வைக்கலாம். வீடு மாறினாலும் குடித்தனம் மாறாது. இதை எங்கள் துறைத்தலைவர் தேவசகாயம் சாரிடம் சொன்னால், "அதெல்லாம் வெளாட்டு லாங்வேஜும்மா" என்பார். அவருக்கு மொழி என்றால் கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். திரையில் ஒரு வணக்கம் வரவழைக்க அரைப் பக்கம் முகவுரை எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் வந்தவன் போய்விடுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெண்கள் விடுதியில் சாயங்காலம் ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். வார்டன் வந்து, மன்னிப்புக் கடிதம் வாங்கி, "வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று ஒரு முறை மிரட்டி, அப்புறம்தான் பூட்டு திறக்கும். ஆண்கள் விடுதிக்குக் கேட்டே கிடையாது. முன்னே இருந்ததாம். எவனோ பைக்கில் வந்து இடித்துச் சாய்த்தானாம். அதற்கப்புறம் வைக்கவே இல்லை. யாருக்கும் அதன் ஞாபகம்கூட வரவில்லை பாருங்கள்.

என் அறைத்தோழி பேச்சித்தாய். சங்கரன்கோவில் பக்கம். வேதியியலில் பிஎச்.டி. அவளுடைய ஆராய்ச்சி ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிறது. மத்தியானம் அடுப்பேற்றினால் இரவு எட்டு மணி சுமாருக்கு ஒரு பதம் வரும், அந்தப் பதத்தில் சட்டென்று நிறுத்த வேண்டும். முந்தினாலும் கெட்டுவிடும், பிந்தினாலும் கெட்டுவிடும். காலையில் ஆரம்பிக்கலாமே என்று கேட்டேன். காலையில் அந்தக் கருவி வேறு ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்குமாம். ஆறு மணிக்கு இவள் அணைத்துவிட்டு ஓடி வர வேண்டும். ஒரு தடவை தன்னோடு வேலை செய்கிற பாண்டியராஜிடம் "கொஞ்சம் பாத்து அணைச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அணைத்தான். அடுத்த வாரம், இந்தக் கட்டுரையில் என் பெயரும் வரவேண்டும் என்றான். அணைத்ததற்கு! கரண்ட் போனால் மின்வாரியத்தின் பெயரையும் போடுவார்களா?

அவளுடைய கைடு சொல்லிவிட்டார்: "இந்த செமஸ்டர்குள்ள முடிக்கலைன்னா வேலையப் பாண்டியராஜ்கிட்ட குடுத்துருவேன். அவன் நைட்ல இருக்க முடியும்."

பேச்சி அன்றைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழவில்லை. காலணியைக் கழற்றாமல் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது டிவி ஹாலுக்கு ஒரு டப்பா தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டப்பா, நானே துடைத்தெடுத்து லூவா ஏற்றினது. மெஸ்ஸில் நாளைக்கு என்ன சாப்பாடு, எந்த பாத்ரூமில் தண்ணீர் வருகிறது, எல்லாம் டிவியில் வரும். எவ்வளவு உபயோகம் சொல்லுங்கள். மாட்டினேன். ஒருத்தி, ஒரே ஒருத்தி, என்னிடம் வந்து பேசினாள். "அக்கா, இதை எடுத்துட்டா சேனல் வருமா?" என்று கேட்டாள். இவர்களோடுதான் நான் குடியிருந்தேன்.

பேச்சிக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஆமாம், அவளுக்குத்தான், நான் மறைக்கவில்லை. கேட்டை ஒன்பது மணி வரை திறந்து வைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். ஒருத்தியும் போடவில்லை. கையெழுத்துப் போட்டால் பெயர் வீட்டுக்குப் போகும், வீட்டுக்குப் போனால் படிப்பே நிற்கும். கோழைகள். பேச்சி அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

"ஏட்டி சுகி, ஒன் டப்பால ஓட்டு போட வைக்க முடியுமா? பேரு கேக்காம?"

"முடியுமாவா? ரிமோட்ல ரெண்டு பட்டன். ஒரே ராத்திரில எழுதிருவேன்."

"அப்ப எழுது. சீரியல்ல விளம்பரம் போடுத நேரத்துல வரணும்."

"விளம்பர நேரத்துலயா? இது ஜனநாயகம்டி. நடுவுல சோப்பு விளம்பரம் மாதிரி வரணுமா?"

"அந்த நேரத்துலதாம்ட்டி அவளுவ திரையப் பாக்காம ஒருத்தர ஒருத்தர் பாப்பாளுவ."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன், சேனல் வழக்கம்போல ஓட, நடுவில் மட்டும் டப்பா வருகிற மாதிரி. டிவி ஹால் நடுவில் வார்டன் குணவதி மேடமும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சீரியல் பார்ப்பார். விளம்பரம் வந்ததும் திரையில் என் கேள்வி வந்தது: ஆறரையா, ஒன்பதா? ரிமோட் கைமாறிக் கைமாறிப் போனது. பேச்சி பக்கத்திலேயே நின்று, ஒரு ஆள் ஒரு தடவைதான் என்று பார்த்துக்கொண்டாள். "என்னடி இது நடுவுல?" என்றார் மேடம். "மெஸ் மெனு மேடம்" என்றாள் எவளோ. அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு வாரம் இப்படி நடந்தது. ஆறரை என்று பத்து ஓட்டுக்கூட விழவில்லை. ஊமை மாதிரி இருந்தவர்கள் எல்லாம் பட்டனை அமுக்கினார்கள். எதனால்? என் நிரல் அவ்வளவு இலகுவாக இருந்ததால். அதை எவளாவது சொன்னாளா? "சூப்பர் பேச்சிக்கா, சூப்பர் பேச்சிக்கா." அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை வைத்துப் பேச்சி பதிவாளருக்கு எழுதினாள். ஆச்சரியம், அவரே விடுதிக்கு வந்தார். டிவி ஹாலில் அவர் நடுவில், வார்டன் பக்கத்தில், நாங்கள் சுவரோரம். "அஞ்சு நிமிஷம்தாம்மா இருக்கு" என்றார். பேச்சி பேசுவதாகவும் நான் முடிவைத் திரையில் காட்டுவதாகவும் ஏற்பாடு.

காட்டினேன். காட்டும்போது அவர், "இது சாதாரண டிவிதானே, எப்படிம்மா வருது?" என்று கேட்டார். கேட்டது அவர். ஒரு பதிவாளர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல கேள்வி கேட்கிறார். பதில் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். டப்பா எவ்வளவு மலிவு, மொழி எவ்வளவு சின்னது, தேவசகாயம் சார் சொல்வது எங்கே தப்பு, எல்லாம் சொன்னேன். பேச்சி என் முதுகில் கிள்ளினாள். இன்னொரு தடவை கிள்ளினாள். நான் அந்த நேரத்தில் நினைவகம் எவ்வளவு மிச்சம் என்பதில் இருந்தேன்.

"இது போன்லயும் வருமா?" என்றார்.

"எதிலும் ஓடும் சார்! ஒரு வரி மாத்த வேண்டாம்."

"பேரன்ட்ஸ் போன்ல?"

"யார் போன்லயும் சார்."

அவர் வார்டனைப் பார்த்தார். வார்டன் அவரைப் பார்த்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. ஆறரைக்கு யாரு உள்ள, யாரு வெளியன்னு இதுல போட்டுருங்க. பெற்றோரும் பாத்துக்கலாம். இந்த மாதிரித் திறமைதாம்மா நம்ம யுனிவர்சிட்டிக்கு வேணும்." எழுந்துவிட்டார்.

பேச்சி வாசல் வரை பின்னால் போனாள். "சார், கேட் டைம்... ஒம்பது மணி..."

"அது பாதுகாப்பு விஷயம்மா. மெல்லப் பேசலாம்."

கார் போய்விட்டது. பேச்சி திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு வாய்?"

சொல்லுங்கள் அக்கா. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது தப்பா?

அப்புறம் அந்த உள்ளே-வெளியே நிரலை எழுதினேன். எழுதாமல் என்ன செய்வது? நான் எழுதாவிட்டால் தேவசகாயம் சார் யாரையாவது விட்டு அண்டா மொழியில் எழுதுவார், அது நாளுக்கு மூன்று தடவை படுத்துக்கொள்ளும். கேட்டில் வாட்ச்மேன் கையில் ஒரு டேப்லெட். பெயரைத் தொட்டால் உள்ளே. ஆறரைக்கு உள்ளே வந்த பெயரெல்லாம் பச்சை, வராத பெயரெல்லாம் சிவப்பு. டிவி ஹாலிலும் அதே பட்டியல், வார்டன் கணினியிலும் அதே, எல்லாப் பெற்றோர் போனிலும் அதே. நாலு வகை இயந்திரம், ஒரே நிரல், ஒரு எழுத்து மாற்றவில்லை. அப்படி ஒரு அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாட்ச்மேன் இங்கே விரலை வைத்தால், தேனியில் ஒரு அப்பாவின் போனில் மகள் பச்சையாவாள்.

பேச்சியோடு அன்றைக்குப் பெரிய சண்டை.

"பூட்டைத் தொறக்கச் சொன்னா ரெண்டாவது பூட்டு போட்டுக் குடுத்திருக்கியே."

"பூட்டு போட்டது நான் இல்ல. நான் தகவல்தான் குடுக்கேன். தகவலுக்குப் பாரபட்சம் கிடையாது."

"எங்கப்பாவுக்கு உண்டு. சிவப்பப் பாத்தா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"அப்ப உன் பிரச்சினை உங்கப்பாகூட. வாதம் பண்ணு அவர்கூட. நான் எங்கப்பாகூடப் பண்ணலியா?"

அவள் எழுந்துவிட்டாள். வாதத்தில் யாராவது பதில் சொல்லாமல் எழுந்துபோனால் என்ன அர்த்தம்? தோற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எல்லாரும் ஆறு மணிக்கே ஆட்டுமந்தை மாதிரி உள்ளே வந்துவிடுவார்கள். நூலகம் காலி, ஆய்வகம் காலி. டிவியில் பெயர்கள் பச்சைப் பசேல் என்று வயல் மாதிரி இருக்கும். பேச்சி ஒரே ஒரு நாள் ஏழு நிமிஷம் பிந்திச் சிவப்பானாள். அவள் அப்பா போன் செய்து, "வந்து கூட்டிட்டுப் போவட்டா?" என்றாராம். அதோடு அவளும் அடங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

செமஸ்டர் முடியப் போகிறது. ஒரு சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"இன்னைக்குக் கடைசித் தடவ போட்டுருக்கேன் சுகி. எட்டு மணி வரைக்கும் விடப் போறதில்ல. நீயும் இன்னைக்கு வெளிய வந்து நில்லேம்ட்டி."

"நின்னா என்ன ஆவும்? நிக்கிறது ஒரு வாதமா? பதிவாளர்கிட்ட ஆதாரத்தோட பேசு. நான் வேணும்னா எழுதித் தாரேன்."

"வேண்டாம்" என்றாள். போய்விட்டாள்.

ஆறரை ஆயிற்று. நான் டிவி ஹாலுக்குப் போனேன், நாற்காலியெல்லாம் காலி. வார்டன் மட்டும் சீரியலுக்கு உட்கார்ந்திருக்கிறார். திரை சிவப்பு. ஒரு பெயர் இரண்டு பெயர் இல்லை அக்கா, முழுத்திரை. பக்கம் மாற மாறச் சிவப்பு. மெஸ் மெனு என்று சொன்னவள் சிவப்பு, சேனல் வருமா என்று கேட்டவள் சிவப்பு, கையெழுத்துப் போட நடுங்கியவர்கள் அத்தனை பேரும் சிவப்பு.

நான் முதலில் பிழை என்றுதான் நினைத்தேன். சரிபார்த்தேன். பிழையே இல்லை. அவ்வளவு சிவப்பையும் அந்தச் சின்ன டப்பா திணறாமல் காட்டியது. தொட்டுப் பார்த்தேன், சூடுகூட ஏறவில்லை.

வார்டன் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்றை எடுப்பதற்குள் இன்னொன்று. "சுகிர்தா, சிஸ்டம் கெட்டுப்போச்சா?"

"இல்ல மேடம், சரியா வேலை செய்யுது."

"எல்லாத்தையும் பச்சையாக்கிரும்மா! வீட்டுல இருந்தெல்லாம் கூப்பிடுறாங்க!"

"அது பொய்யாயிரும் மேடம். என் நிரல்ல பொய் எழுத மாட்டேன்."

"ஏம்மா, அஞ்சு நிமிஷத்துக்கு!"

"அஞ்சு நிமிஷத்துக்கும் பொய் பொய்தான் மேடம்."

அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சாலையில், தெருவிளக்கடியில், அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. வார்டன் பூட்டைத் திறந்து "உள்ள வாங்கடி" என்கிறார். "பேச்சிக்கா லேப்ல இருந்து வரட்டும் மேடம், சேர்ந்து வாரோம்" என்கிறார்கள். பாண்டியராஜ் வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

போன்களில் இவர்கள் பேசுவது மேலே வரை கேட்டது. எல்லாருடைய அப்பாவும் கூப்பிடுகிறார்கள். இவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "லேப்ல வேலை இருந்துச்சுப்பா. ஆறரைக்குக் கேட்டப் பூட்டிட்டாங்க. ரோட்டுல நிக்கோம்." ரோட்டில் என்று சொல்லும்போது எல்லாரும் கொஞ்சம் குரலை இறக்கினார்கள். நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

அப்புறம் என்ன? அந்த அப்பாக்கள் எல்லாம் பதிவாளரைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளைகளை ரோட்டில் நிறுத்திப் பூட்டுப் போடுகிறவர் என்ன ஆள் என்று கேட்டார்கள். ஒருத்தர் ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்தே கிளம்பிவிட்டாராம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொன்னவருக்கு அதையே திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் உத்தரவு வந்தது: கேட் ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெற்றோர் போனுக்குப் போகிற பட்டியல் உடனடியாக நிறுத்தப்படுகிறது.

பேச்சி அன்றைக்கு இரவு எட்டு மணி தாண்டித்தான் வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி. அவ்வளவுதான் அக்கா, ஒரு சிட்டிகை. அதைத் தெருவிளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அத்தனை பேரும் கத்தினார்கள். அண்டம் பிறந்ததுபோல. ஒருத்தி அழுதாள்.

இப்போது விடுதியில் பேச்சிதான் சாதித்தாளாம். நான் கேட்கிறேன், எதை வைத்துச் சாதித்தாள்? அந்தச் சிவப்பு யாருடைய நிரல்? வார்டன் கெஞ்சினபோது நான் பச்சையாக்கியிருந்தால் ஒரு அப்பாவாவது போன் செய்திருப்பாரா? நான் நியாயமாக நின்றதால்தானே அவர்கள் நின்றது எடுபட்டது? இதை மெஸ்ஸில் வைத்துத் தெளிவாக விளக்கினேன். பேச்சி தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, "சரிட்டி, ஒன்னாலதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒப்புக்கொள்கிறவர்கள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

கோவில்பட்டி வந்துவிட்டது போலிருக்கிறது. இல்லை, நாலாட்டின்புத்தூர்தான். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

அன்றைக்குப் பட்டியலின் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தேன் அக்கா. ஒரே ஒரு பச்சை இருந்தது. என் பெயர். நிரல் சரியாக இருந்தது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எல்லா அப்பாக்களும் பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். என் அப்பா மட்டும் கூப்பிடவில்லை. அவரிடம் பிறகு கேட்டேன், பார்த்தீர்களா என்று. "பாத்தேன்மா, நீ உள்ளதான இருந்த" என்றார். ஆமாம் என்றேன். "அதான் கூப்பிடல. சாப்பிட்டுத் தூங்கிட்டேன்" என்றார்.